இருபது நிமிடம் பொறுத்த பெனடிக்ட்

கேட்டில் சீட்டு போடும் பாஷாதான் போன் செய்தான். "சார், பெனடிக்ட் சார் பூட்டாரு சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம், அவ்ளோதான்." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி அவனைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியாதே என்ற எரிச்சல்தான் வந்தது. இந்த அஞ்சலியைப் படிக்கும், அவனைத் தெரிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கூடவே வேலை பார்த்த பன்னிரண்டு வருடமும் அவன்மேல் பொறாமைப்பட்டேன். அவர் என்று எழுதினால் அவனே சிரிப்பான். அவன் என்றே எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டில், லாரிகளுக்கு கேட் பாஸ் அடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. அது அவ்வப்போது பட்டென்று மூடிக்கொள்ளும். கேட்டில் இருப்பவர்கள் பிழைச் செய்தியைப் படிக்காமலே அமுக்கிவிட்டு மறுபடி திறப்பார்கள். பின்னால் பத்து லாரி ஹாரன் அடிக்கும்போது யார் படிப்பது? கேட்டால், "தானா ஆஃப் ஆயிடுச்சு" என்பார்கள். ராயபுரத்திலிருந்து பழைய ஸ்கூட்டரில் வந்துபோன பெனடிக்ட் இதற்கு ஒரு ஸ்கிரிப்ட், குட்டிக் காவல் புரோகிராம் ஒன்று, எழுதினான். புரோகிராம் விழுந்தால் திரையைப் படம் பிடித்து, கடைசியாக எதை அழுத்தினார்கள் என்பதையும் சேர்த்து, அது மேனேஜருக்கு மெயில் அனுப்பும்.

வீட்டைக் கட்டியவன் நான், விரிசலைக் காட்டியவனுக்குக் கைதட்டல். மேனேஜர் எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. டீக்கடையில் அவனிடமே கேட்டேன்: "என்னைப் போட்டுக் கொடுக்கத்தான் எழுதினியா?" அவன் பன்னைப் பிட்டு பாதியை என் பக்கம் நீட்டினான். "இன்னா நைனா, பேஜார் பண்றே. வுயாத புரோகிராமு எங்க கீது? வுயுந்தா தூக்க ஆளு வோணும், அவ்ளோதான்." பன்னை வாங்கித் தின்றேன், கோபம் மட்டும் போகவில்லை.

எனக்கு ஒரே ஆறுதல், புரோகிராம் விழுந்தால் கேட்டிலிருந்து முதல் போன் எனக்குத்தான் வரும். ஓடிப்போய்ச் சரிசெய்வேன். அந்த நாட்களில் மேனேஜருக்கு மெயிலே போகாது. அவன் ஸ்கிரிப்ட் கோட்டைவிட்டது என்று உள்ளூரச் சந்தோஷப்படுவேன். ஒரு மீட்டிங்கில் துணிந்து சொல்லியும் விட்டேன். "என் புரோகிராம் விழுறதே இல்ல சார். மாசத்துக்கு ஒரு மெயில் வந்தா அதிகம். இதுக்கு ஒரு ஸ்கிரிப்டா? நிறுத்திடலாம்." பெனடிக்ட் என்னைப் பார்த்தான். "ஓரமா கெடக்கட்டும் சார்" என்றான்.

அடக்கத்துக்கு லாரி டிரைவர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் யோசித்தேன். பாஷா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னான்: "தங்கமான மன்சன் சார். புரோகிராமு நின்னா மொதல்ல குமார் சாருக்கு போன் போடு, அவுரு வந்து பாத்துக்குவாருன்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு." குமார் நான்தான்.

மறுநாள் அந்த ஸ்கிரிப்டை என்னிடம் ஒப்படைத்தார்கள். திறந்து பார்த்தேன். அது எதையும் கோட்டைவிடவில்லை. என் புரோகிராம் விழுந்த அத்தனை தடவையும் படத்தோடு ஒரு கோப்பில் இருந்தது. ஆனால் மெயில் அனுப்புவதற்கு முன் இருபது நிமிடம் காத்திருக்கும்படி எழுதியிருந்தான். அதற்குள் புரோகிராமை எழுதியவர் கேட் கம்ப்யூட்டரில் தன் பெயரில் நுழைந்துவிட்டால், அதாவது நான் போய்விட்டால், மெயில் அனுப்ப வேண்டாம். அன்றைய மீட்டிங்கில் அந்தக் கோப்பை அவன் ஒருமுறை திறந்து காட்டியிருந்தால் என் மானம் போயிருக்கும்.

நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டான் பாவி. அதற்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கோப்பை முழுதாக நானே மேனேஜருக்கு அனுப்பினேன், மீட்டிங்கில் நான் சொன்னது பொய் என்றும் எழுதினேன். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவனுடையது என்று நான் வைத்துக்கொள்வது அந்த இருபது நிமிடத்தைத்தான். நாளைக்கு வேறு யாருடைய புரோகிராமாவது விழும், அவருக்கும் அது கிடைக்கட்டும். டீக்கடைக்கு இப்போதும் போகிறேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று தெரிந்தும் பாதி பன்னை நீட்ட அங்கே ஆள் இல்லை.