கேட்கத் தெரியாமல் எடுத்து வந்த விளக்கு

பெருமாளை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நோய் வரவில்லை. விபத்து நடக்கவில்லை. எனக்கு வந்தது குழப்பம். இதற்கெல்லாமா ஒருத்தி எழுத உட்காருவாள் என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு மாதம் சோறு இறங்காமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

என் பெயர் அலமேலு. கல்லல் பக்கம் விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு காரைக்குடி. இயந்திரவியல் படித்துவிட்டு எட்டு வருடம் இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். பிறகு பொறியியல், தொழில்நுட்பம், வணிக மேலாண்மை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லித்தரும் இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். என் வேலையை இரண்டு வருடம் எனக்காக வைத்திருப்பதாகக் கம்பெனியில் சொன்னார்கள். ஒரு மாதம் கூடினாலும் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

காலையில் இயந்திர வடிவமைப்பு, மதியம் சந்தைப்படுத்தல். காலையில் படித்தது மதியத்துக்கு ஒட்டாது. சொந்தக்காரர்கள் யாராவது "என்னத்தா படிக்கிற?" என்று கேட்டால் விளக்கமாகச் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, முடிச்சா இன்ஜினியரா, மேனேஜரா?" என்பார்கள். எனக்கே தெரியாது. சிரித்து மழுப்பிவிடுவேன்.

கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட். அதற்கு இரண்டு வழிகாட்டிகள்: இயந்திரவியல் சார் ஒருவர், மேலாண்மை மேடம் ஒருவர். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். கல்லலில் என் தாய்மாமா சுப்பையா மரச்செக்கு வைத்திருக்கிறார். மோட்டாரில் ஓடுவது. சுற்று வட்டார மக்கள் கடலை, எள், தேங்காய் கொண்டுவந்து ஆட்டிப் போவார்கள். சில வருடமாக ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஏன் என்று கண்டுபிடித்துத் தீர்வு சொல்வதுதான் என் ப்ராஜெக்ட். காத்திருக்க நேரம் ஆகிறது, அதனால்தான் வரமாட்டேன் என்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். செக்கு வேகமாகச் சுற்றுவதற்குப் பல்சக்கரத்தை மாற்றி வரைபடம் போட்டேன். வாடிக்கையாளர் கருத்துக்கு ஒரு தாள் அச்சடித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நன்று, சுமார், மோசம் என்று மூன்று கட்டம். மாமா கடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் டிக் வாங்கினேன். மாமா எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

தை மாதம் முதல் பரிசீலனை. சார் வரைபடத்தைப் பார்த்தார். "மரச்செக்குல ஆட்டுறதே எண்ணெய் சூடாகாம இருக்கத்தானம்மா? நீங்க வேகத்தக் கூட்டிச் சூடாக்கப் போறீங்க. எதுக்கு?" என்றார். மேடம் தாள்களைப் புரட்டினார். "எல்லாரும் எல்லாத்துக்கும் நன்றுன்னு போட்டிருக்காங்க. காத்திருக்கற நேரமும் நன்று. அப்ப வேகம் எதுக்கு? இவ்வளவு நல்லா இருந்தா ஆளுங்க ஏன் குறையறாங்க?"

என்ன செய்வது என்று இருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டேன். இது நிர்வாகப் பிரச்சினை, மேடத்தைக் கேளுங்கள் என்றார் சார். இது இயந்திரத்தில் இருக்கிற பிரச்சினை, சாரைக் கேளுங்கள் என்றார் மேடம். பங்குனி முதல் வாரம் இரண்டாம் பரிசீலனை. அதிலும் சரியாக வராவிட்டால் ஒரு வருடம் போய்விடும், வேலையும் போய்விடும்.

அன்றிலிருந்து கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. திங்கள்கிழமை ஒரு வரைபடம் போடுவேன், செவ்வாய்க்கிழமை கிழிப்பேன். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "ரெண்டுல ஒன்ன மட்டும் படிச்சிருந்தா இந்நேரம் முடிச்சிருப்ப அலமு" என்றார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனேன். அவர் சொன்னது சரியோ என்ற பயம்தான் அந்தக் கோபம்.

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் போனோம். அங்குள்ள வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். வேண்டுதல் இருப்பவர்கள் தெப்பக்குளக் கரையில் எரிகிற விளக்குகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து, காசும் துளசியும் வைத்து மூடிப் பூஜிப்பார்கள். நிறைவேறினால் அடுத்த மாசியில் கூடவே இன்னொரு விளக்கும் கொண்டுபோய் ஏற்றுவார்கள்.

பகல் தெப்பத்துக்கு நல்ல கூட்டம். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு விளக்கைக் கையில் எடுத்துவிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது? பாஸ் ஆக வேண்டும் என்று கேட்கலாம். அந்த வரைபடம் தப்பு என்று எனக்கே தெரியும். படிப்பை விட்டுவிடத் தைரியம் கொடு என்று கேட்கலாம். விட எனக்கு மனசில்லை. சுற்றிலும் எல்லோருக்கும் கேட்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. அழுகை வந்தது. "பெருமாளே, எதைக் கேட்கிறதுன்னே தெரியல. அதையும் நீயே பாத்துக்க" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்துப் படியில் விளக்கேற்ற வந்த ஒரு அம்மா, கையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துத் தன்பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாட்டிலை நீட்டினார்.

"இத மோந்து பாருங்க. எங்க காட்டு எள்ளு. நல்லெண்ணெயின்னு ஆட்டிட்டு வந்தா கடலை வாடை அடிக்குது. சாமிக்கு இதையா ஊத்துறது?"

"எங்க ஆட்டுனீக?" என்று கேட்டேன்.

"கல்லல்ல. சுப்பையான்னு ஒருத்தரு. முன்னாடி ஆட்டுனவுக சக்கை உரல்ல ஒட்டிக்கிட்டே இருக்கும், அதோட நம்மளதப் போட்டுருவாக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவர்கிட்டச் சொன்னீகளா?" என்றேன்.

"எப்புடிச் சொல்றது? தங்கமான மனுசன். போனதும் காப்பி வாங்கித் தர்றாரு. மூஞ்சிக்கு நேரா எப்புடிக் குறை சொல்றது? இனிமே வேற பக்கம் போயிற வேண்டியதுதான்."

என் மாமாவைப் பற்றி இப்படிப் பேசுகிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எடுத்த விளக்கோடு வீடு திரும்பும் வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். சாமி பதில் சொல்லவில்லை, நமக்கு அவ்வளவுதான் என்று வேறு நினைத்தேன். அவ்வளவு மண்டு நான்.

மூன்று நாள் கழித்து மறுபடியும் அந்தத் தாள்களைப் பிரித்தேன். நன்று, நன்று, நன்று. மேடம் கேட்டதும் அந்த அம்மா சொன்னதும் அப்போதுதான் ஒன்றாக மண்டையில் ஏறின. மாமா வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, மாமாவின் எதிரில், மாமா மருமகள் நீட்டிய தாளில் யார்தான் மோசம் என்று டிக் போடுவார்கள்? நான் வாங்கி வைத்திருந்தது கருத்து இல்லை, மரியாதை.

மறுநாளே கல்லல் பக்கம் கிராமங்களுக்குப் போனேன். மாமாவிடம் சொல்லவில்லை. தாளும் கொண்டுபோகவில்லை. செக்குக்கு வருவதை நிறுத்தியவர்கள் வீட்டில், "உங்க வீட்டு எண்ணெய மோந்து பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். முதலில் தயங்கினார்கள். பிறகு ஆளாளுக்குப் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணெயில் கடலை வாடை, தேங்காய் எண்ணெயில் எள் வாடை. யாருக்கும் அவசரம் இல்லை. அவரவர் தோட்டத்து எண்ணெய் அவரவருக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன வருசம் இங்குட்டு வந்து போனாக. ஒருத்தரு கூட எங்கிட்டச் சொல்லலையேத்தா" என்றார். குரல் உடைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார். இருவரும் உரலின் அடியைத் திறந்து பார்த்தோம். சக்கை அடைவது அங்கேதான். அதைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு அடித்தட்டு வரைந்தேன். நான்கு போல்ட், கழுவித் துடைத்து மாட்டிவிடலாம். எள்ளுக்குத் தனி நாள், கடலைக்குத் தனி நாள், தேங்காய்க்குத் தனி நாள் என்று முறையும் வைத்தோம்.

பங்குனியில் இரண்டாம் பரிசீலனை. சார் அடித்தட்டு வரைபடத்தைப் பார்த்தார். மேடம் நாள் முறையைப் பார்த்தார். பிறகு இருவரும் தாள்களை மாற்றிக்கொண்டு, என்னை மறந்து, அவர்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தட்டு இல்லாமல் நாள் முறை நிற்காது, நாள் முறை இல்லாமல் தட்டு போதாது என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இந்தப் படிப்பை ஏன் ஒன்றாகச் சேர்த்து வைத்தார்கள் என்பது இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் வராந்தாவில் வந்து நின்று அழுதேன்.

இப்போது பழைய கம்பெனியில்தான் வேலை. ஆனால் பராமரிப்பில் இல்லை. இயந்திரம் வாங்கியவர்கள் இடத்துக்கே போய், அவர்கள் சொல்லாமல் விடுவதைக் கேட்டு வருவது என் வேலை. எனக்குள் மாறியது இன்னொன்றும் உண்டு. இத்தனை வருடமும் நான் பெருமாளிடமும் ஒரு தாளைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். பாஸா, ஃபெயிலா, இருக்கவா, விடவா, நீ ஒன்றில் டிக் போடு என்று. எனக்குத் தேவையானது அந்தக் கட்டங்களில் ஒன்றிலும் இல்லை. தாள் எதுவும் நீட்டாமல் நின்ற அன்றைக்குத்தான் அவன் கொடுத்தான்.

தற்செயல்தானே என்று என் வீட்டுக்காரர் இன்னமும் சொல்கிறார். இருக்கட்டும். அத்தனை கூட்டத்தில், அத்தனை படிகளில், அந்த அம்மாவை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். வரும் மாசியில் அந்த விளக்கோடு இன்னொன்றையும் ஏற்றப் போகிறேன்.

உங்களுக்கும் என்ன கேட்பது என்றே தெரியாத நிலை வந்தால், தெரிந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். தெரியவில்லை என்பதையே சொல்லிவிட்டு நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது சொன்னால் முகத்தைத் திருப்பாமல் கேளுங்கள். பெருமாள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாள் வீணானது என்னுடைய கோபத்தால்தான்.