விளிம்பில் தப்பிய இளவரசன்

காக்ஸ் டவுனில் ஆஞ்சலா டீச்சரின் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டி அதட்டியே வளர்ந்த குரல். கீரைக்காரியிடம் பேசினாலும் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். அந்தக் குரல் ஒரே ஒருமுறைதான் அடங்கியது. பழைய ரோம நாணயம் என்று யாரோ தலையில் கட்டியதை வாங்கிவந்து, ஆசிரியர் அறையில் பெருமையாகக் காட்டினார். கணக்கு டீச்சர் நிருபமா அதைத் திருப்பிப் பார்த்து, "டீச்சர், ஓரத்துல ரெண்டு அச்சை ஒட்டி வார்த்த கோடு தெரியுதே! அடிச்ச காசு இல்ல, டூப்ளிகேட்" என்றார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

வேறு யாராவது என்றால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார்கள். ஆனால் டீச்சருக்கு ரோஷம் அதிகம். நேராகப் போய் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு வழக்கம். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு காசையாவது யார் துணையும் இல்லாமல் தானே அடையாளம் கண்டு, எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். டீச்சரின் முறை வரும் ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு தரம் மூக்கறுபட அவர் தயாராக இல்லை.

இந்தத் தடவை கையில் இருந்தது நிஜக் காசு. சங்கத்தின் கண்காட்சியில் ரசீதோடு வாங்கியது. கட்டைவிரல் நகமளவு செம்பு, அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுப்பு. பின்பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். கம்பம் இரண்டு என்றால் மாமன்னர் கான்ஸ்டன்டைனின் கடைசிக் காலம். சிப்பாய்களின் காலடியில், அடித்த ஊரைக் குறிக்கும் எழுத்துகளை போனில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது டீச்சருக்குப் புல்லரித்துப்போனது. பைபிளில் வருகிற அதே அந்தியோக்கியா நகரில் அடித்த காசு! முன்பக்க முகம் அப்பனுடையதா, மகன்களில் ஒருவனுடையதா என்பதுதான் பாக்கி. அதைச் சுற்றியிருந்த எழுத்துகளைச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்து நிதானமாகப் படிக்கலாம் என்று காசை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைகளில் அவருடைய கணவர் இராஜமாணிக்கத்துக்கு ஒரு திருப்பணி உண்டு. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் குத்துவிளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பார்.

டீச்சர் வந்தபோது காசு புதுப் பைசா போலப் பளபளத்தது.

"எப்படிக் கீது? நாளைக்கு நாலு பேர் முன்னாடி காட்டணுமேன்னு விளக்கோட சேர்த்துத் தேய்ச்சுட்டேன்" என்றார் இராஜமாணிக்கம், பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு.

காசின் முகத்தில் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. வெறும் செம்பு மினுங்கியது.

"ஆயிரத்து எழுநூறு வருஷம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துச்சுங்க. உங்க கையில ஒரு மணி நேரம் தாங்கல."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட்..." என்று கன்னடத்தில் சமாளிக்க ஆரம்பித்தவர், மனைவியின் கண் கலங்கியதைப் பார்த்து அடுப்படிக்கு நழுவினார். பாவம், மனிதர் ஆசையாகத்தான் செய்தார். அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் தொடவில்லை. குத்துவிளக்கைத் துணியில் சுற்ற எடுத்தார். வழக்கம்போல நடுவெல்லாம் தங்கமாய் மின்ன, தட்டின் விளிம்பு மட்டும் கறுப்பாகவே இருந்தது. கல்யாணமான நாளாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம். ஓரத்தைத் தேய்க்கிற பழக்கமே அந்த மனிதருக்குக் கிடையாது.

டீச்சரின் கை அப்படியே நின்றது.

"என்னங்க! டார்ச்சை எடுங்க!"

இராஜமாணிக்கம் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். பூதக்கண்ணாடிக்குள் பளபளத்த வட்டத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. அதில் எழுத்துகள் புளிபடாமல் முழுசாக இருந்தன. கடைசி எழுத்துகள் இளவரசுப் பட்டத்தைக் குறிப்பவை. அப்படியானால் அப்பன் இல்லை. டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"மகன்தாங்க! கான்ஸ்டன்டியஸ்!" தெருவுக்கே கேட்டது.

"அப்ப நான்தான் காப்பாத்தினேன்னு சொல்லு."

"அடி வாங்குவீங்க" என்றவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துச் செயலாளர் முனிகிருஷ்ணன் காசை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். "பேரு கரெக்ட் மேடம். ஆனா முகம் எங்க?"

"முகம் போனது எங்க வீட்டுக்காரர் தேய்ச்சதால. பேர் மிஞ்சினது அவர் ஒழுங்கா தேய்க்காததால" என்றார் ஆஞ்சலா டீச்சர். கூட்டம் சிரித்தது. இந்த முறை டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் குத்துவிளக்கின் விளிம்பு கறுப்பாகத்தான் இருந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.