கண்ணாடி மேல் போட்ட துணி

போட்டோக்காரர் வைத்திலிங்கம் என் தம்பி உள்ளே வருமுன் கண்ணாடியைத் துணி போட்டு மூடினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போன இந்தோசீனா சண்டையில் கிழிந்த கன்னத்தைத் தம்பி பார்க்கவே மாட்டான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பென்ஷன் மனுவுக்கான படத்தில் தழும்பே இல்லை. நெகட்டிவில் பென்சிலால் மறைத்திருந்தார். அதைப் பார்த்துத் தம்பி வெகுநாள் கழித்துச் சிரித்தான்.

1955-ல், மனுவுக்குக் கடைசி நாள், பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தா படத்தைத் தள்ளினார்.

"தழும்பு எங்கய்யா? இது வேற ஆளு. அஞ்சு மணிக்குள்ள சரியான படம் வேணும்."

முதலியார்பேட்டை ஸ்டுடியோவுக்கு ஓடினோம். மணி மூன்று.

"தப்பு என்னுது. உக்காருங்க தம்பி" என்றார் வைத்திலிங்கம்.

"இந்த மூஞ்சியவா? பென்ஷனே வேணாம்." தம்பி வாசலுக்குப் போய்விட்டான்.

"நீங்க சண்டைக்குப் போனதுக்கு அந்தத் தழும்புதான் சாட்சி. அத நான் அழிச்சிட்டேன்" என்றார் வைத்திலிங்கம்.

முருகா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தம்பி திரும்பி வந்து கண்ணாடித் துணியை இழுத்துப்போட்டுத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

"எடுங்க."

ஈரம் காயாத படத்தை ஐந்து மணி அடிக்குமுன் கொடுத்தோம். மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

மறுவருஷம் வைத்திலிங்கம் கடையை மூடிக் கடலூருக்குப் போனார். வண்டி ஏறும்போது சொன்னார்: "அக்கா, இப்பல்லாம் கேட்டுட்டுதான் பென்சில தொடறேன்."