ஒன்றரை வருஷச் சலுகை

அன்னத்தாய் நர்ஸ் வேலைக்கு ஆசைப்பட்டுப் போனவள் அல்ல. மாட்டுங்காவில் விலங்கியல் படித்து பி.எஸ்ஸி. வாங்கியபோது, தாராவியில் அவர்கள் குடியிருந்த சந்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள்தான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூட வேலைக்கு மராத்தி வேண்டும் என்றார்கள். ஆபீஸ் வேலைக்கு டைப்பிங் வேண்டும் என்றார்கள். டைப்பிங் கற்றுக்கொண்டு போனால், அனுபவம் உண்டா என்றார்கள்.

1966-இல் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ்கள் போதவில்லை. பட்டம் பெற்ற பெண்களுக்கு மட்டும் பயிற்சியைச் சுருக்கித் தருவதாக அறிவித்தார்கள். மற்றவர்களுக்கு மூன்றரை வருஷம். இவர்களுக்கு இரண்டே வருஷம். இருபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு இடமில்லை. அன்னத்தாய்க்கு இருபத்தைந்து முடிய நான்கு மாதம் பாக்கி இருந்தது.

மளிகைக் கடையை மூடிவிட்டு வந்த அப்பா செல்லத்துரைக்குச் சந்தோஷம். "ஒண்ணர வருசம் சும்மாவே விட்டுக் குடுக்கான்லா! படிப்புக்கு உள்ள மரியாத!" என்றார்.

"மரியாதயப் பாரு," என்றாள் அம்மா இசக்கியம்மாள். "அடுத்தவன் பீ மூத்திரம் அள்ளதுக்கு பி.எஸ்ஸி. எதுக்கு? இத எட்டாங் கிளாசோட செஞ்சிருக்கலாமே."

சேர்ந்த அன்றைக்கே விதியைச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆறு மாதம் பரீட்சார்த்தம். அது முடிந்ததும் கமிட்டி உட்காரும். உறுதி செய்தால் தலைக்குத் தொப்பி. இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மறுபடி விண்ணப்பிக்க அவளுக்கு வயது இருக்காது.

புத்தகம் அவளுக்குச் சிரமமாக இல்லை. எலும்புகளின் பெயர், ரத்தம் ஓடும் வழி எல்லாம் முன்பே படித்ததுதான். அதனால்தானே ஒன்றரை வருஷத்தைக் குறைத்தார்கள். ஆனால் குறைத்தபோது வகுப்புகளோடு சேர்த்து, முதல் வருஷப் பெண்கள் வார்டில் சும்மா நின்று பார்த்துப் பழகும் மாதங்களையும் குறைத்துவிட்டார்கள். மற்றப் பெண்கள் எட்டு மாதத்தில் தொடும் வேலையைப் பட்டதாரிகள் இரண்டாம் மாதத்திலேயே தொட வேண்டியிருந்தது. காலை ஆறரைக்கு வார்டு, பகலில் வகுப்பு, மாலையில் திரும்பவும் வார்டு. கனத்த உடம்பைப் புரட்டி அடிவிரிப்பை மாற்ற வராது. கட்டில் மூலையில் துணியை மடித்துச் செருக வராது. பத்தொன்பது வயதுப் பெண்கள் வார்டுக்குள் வந்தால் அவர்கள் சீனியர் என்பதால் இவள் எழுந்து நிற்க வேண்டும்.

அந்தச் சீனியர்களில் மாஹிமிலிருந்து வந்த ஹபீபா என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருத்தி. வாய் ஓயாது. "என்னக்கா பி.எஸ்ஸி., காலேஜ்ல தவளைக்குத்தான் பெட்பேன் வச்சியளா? இது மனுசன்க்கா, ஆளு பெரிசு!" என்பாள். சிரித்துக்கொண்டே மூலையை அவளே மடித்தும் கொடுப்பாள்.

ஐந்தாம் மாதம் வடாலாவிலிருந்து சிவனாண்டி என்ற துறைமுகக் கூலியைக் கொண்டுவந்தார்கள். குடல் புண் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மூக்கில் குழாய். வாய் வழியாக ஒரு சொட்டும் போகக் கூடாது. மனைவி மாடத்தி நாங்குநேரிப் பக்கத்துக்காரி. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அன்னத்தாயை ஒட்டிக்கொண்டாள். "எங்க வீட்டுல அவியளுக்கு நீ இருக்கங்கதுதான் தாயி எனக்குத் தெம்பு," என்றாள். ஒன்றும் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று அன்னத்தாய் சொன்னதை அவள் அச்சுப்பிசகாமல் காத்தாள். உதடு வறண்டு அவன் கேட்டபோதுகூட ஈரத் துணியால் ஒற்றினாளே தவிர, தண்ணீர் காட்டவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் சிவனாண்டிக்குக் காய்ச்சல் ஏறியது. உடம்பை ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார்கள். ஆண் வார்டு, நாற்பது கட்டில். அன்னத்தாய் பச்சைத் துணி போட்ட சக்கரத் தட்டியை உருட்டிவந்து கட்டிலைச் சுற்றி மறைத்தாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணத் தொடங்கினாள்.

மாடத்தி அந்த வார்டில் உட்கார்ந்த மூன்று நாளில் இரண்டு கட்டில்களைச் சுற்றித் தட்டி வந்ததைப் பார்த்திருந்தாள். இரண்டிலிருந்தும் ஆளைத் துணி மூடித்தான் தூக்கிப் போனார்கள்.

"அவ்வளவுதானா தாயி?" என்றாள்.

அன்னத்தாய் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது பேசினால் கணக்குத் தவறும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பதில் சொல்லவில்லை. எண்ணி முடித்துத் தாளில் குறித்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துவர வார்டின் கடைசிக்குப் போனாள். கேட்ட கேள்வி அவள் காதில் விழுந்திருந்தது. திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். அவள் வந்தபோது மாடத்தி கணவனின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் மூடி வைத்திருந்த பாலை வாங்கி, வாய்க்குள் மூன்றாவது கரண்டியை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் போகிற உயிருக்குப் பால் ஊற்றாமல் அனுப்பினால் அந்தப் பழி வீட்டுக்காரிக்குத்தான். அன்னத்தாய்க்கு இது தெரியாத வழக்கமில்லை. அவள் தாத்தாவுக்கு அவளே ஊற்றியிருக்கிறாள்.

சிவனாண்டிக்குப் புரையேறியது. ஹபீபா ஓடிவந்து தலையைச் சாய்த்தாள், டாக்டர் வந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார். மூச்சு திரும்பியது. ஆனால் பால் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டிருந்தது. மறுநாள் விடியுமுன் இறந்துபோனான்.

"தட்டி வைக்கு முன்னால வீட்டாளுக்குச் சொல்லணும்க்கா," என்றாள் ஹபீபா. அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை. "தொடைக்கத்தான் மறைக்கிறேன், பயப்படாதீயன்னு. எங்களுக்கு மூணாம் மாசமே வார்டுல நிப்பாட்டிச் சொல்லித் தந்தாவ. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லித் தரும் மாதத்தைத்தான் சலுகையாகக் கொடுத்திருந்தார்களே.

வார்டுப் பொறுப்பாளர் சிஸ்டர் காமத் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு கேள்வி: தட்டி வைத்ததன் காரணம் உறவினருக்கு முன்கூட்டியே விளக்கப்பட்டதா?

"இல்லை என்று எழுதினால் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், உன் பெயர் கமிட்டிக்குப் போகாது," என்றார் சிஸ்டர் காமத் இந்தியில். "ஆம் என்று எழுதினால், சொல்லியும் கேட்காமல் அந்தப் பெண் பால் கொடுத்தாள் என்று ஆகும். அவளுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் வராது. என்ன எழுதுவது என்று நான் சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள் கொடு."

இல்லை என்று எழுதத்தான் அன்னத்தாய் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எழுதுவதற்கு முன்னால் மாடத்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பிரேதம் வாங்க வந்தவர்களோடு மாடத்தி தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ நம்ம ஊர்ப் பிள்ளையா இருக்கப் போய்த்தான் தாயி, நேரத்தோட தட்டிய வச்சு எனக்கு உணர்த்திட்ட," என்றாள். கூட வந்தவர்களிடம் திரும்பினாள். "இந்தப் பிள்ளதான். இது இல்லேன்னா ஒரு வாய்ப் பால் ஊத்தாம அனுப்பிருப்பேன். அந்தப் பாவம் எனக்கு ஏழு சென்மத்துக்கும் தீராது."

அன்னத்தாய் வாயைத் திறந்தாள். தட்டி வைத்தது துடைப்பதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்ததாக, அவன் போகிற உயிர் இல்லை, பால்தான் கொண்டுபோனது என்றும் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆம் என்று எழுதினாள். மாடத்திக்காக எழுதினாளா, தொப்பிக்காக எழுதினாளா என்று அன்றிரவு முழுவதும் தன்னையே கேட்டாள். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. சிஸ்டர் காமத் தாளை வாங்கிப் படித்து உறையில் போட்டார்.

அடுத்த மாதம் கமிட்டி அவளை உறுதி செய்தது. செல்லத்துரை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். இசக்கியம்மாள்கூட மகளின் தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளையால்லா இருக்கு, அழுக்குப் பிடிச்சிராதா?" என்றாள்.

பயிற்சி முடிந்ததும் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள். ஆபரேஷன் அறை என்றாள் அன்னத்தாய். அங்கே ஓய்வும் கிடையாது, மேலே போகவும் வழி கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அங்கே வருகிறவர்களை மயக்கம் கொடுத்துத்தான் கொண்டுவருவார்கள். வீட்டாளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.