வெளுத்த பெல்ட்

சனிக்கிழமை மத்தியானம் எலிசபெத் துவைக்கிற கல்லில் பெல்ட்டைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. தோளுக்கும் தொடைக்கும் பட்டை வைத்து, நெஞ்சில் இரும்புக் கொக்கி தொங்குவது. அவள் புருஷன் ஜாபேஸ், பாலவனத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர். பக்கத்து ஊர்த் தொட்டியின் ஏணியிலிருந்து ஒருவர் விழுந்து செத்த பிறகு, இங்கே ஏணி நெடுக ஒரு கம்பிவடத்தை இழுத்துக் கட்டி, இந்தப் பெல்ட்டையும் கொடுத்திருந்தார்கள். கொக்கியை வடத்தில் மாட்டினால் ஆளோடு கூடவே ஏறும். கால் வழுக்கினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

கொடுத்து என்ன? போட்டுக்கொண்டு போன முதல் நாளே டீக்கடையில் நல்லமுத்து, "ஏலே ஜாபேசு, மாட்டப் பூட்டிட்டாக, வண்டி எங்கலே?" என்று கேட்க, கடையே சிரித்தது. அன்றிலிருந்து பெல்ட் ஆணியில் தொங்கியது. எலிசபெத் கேட்டால், "வேர்வ நாத்தம் அடிக்குது" என்பார்.

ஜாபேஸ் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், பேசவும் மாட்டார். திருச்சுழியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அதை அவள் மரியாதை என்று நினைத்தாள். மகள் ஜெப ஷீலா கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனபின், வீட்டில் மிக்சி ஓடினால்தான் சத்தம். தொட்டி கழுவுகிற நாளில், கொல்லைப்புறத்திலிருந்து ஏணியில் அவர் சட்டை தெரியும். அது இறங்குகிறவரை அடுப்பில் என்ன பொங்கினாலும் அவளுக்குத் தெரியாது. மகளிடம் ஒருநாள் போனில் சொன்னாள். "அப்பாவுக்கு ஏறிப் பழக்கம்தானம்மா, விடு" என்றாள் மகள். அதற்குமேல் யாரிடம் சொல்ல?

நாற்றம்தான் குறை என்றால் அதைப் போக்கிவிட்டால் போயிற்று. தொட்டியில் போடுகிற பிளீச்சிங் பவுடர் அந்த வீட்டில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற சட்டையெல்லாம் அதில்தான் வெளுக்கும். பெல்ட்டையும் அந்தத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். சிவப்புப் பட்டை ரோஸ் நிறமாகிவிட்டது. நாற்றம் போயே போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் ஜாபேஸ் அதை எடுத்து மோந்து பார்த்தார். தோளில் போட்டுக்கொண்டு போனார். எலிசபெத்துக்கு அன்றைக்குச் சமையல் தானாக நடந்தது. மத்தியானம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு அவளே தொட்டிக்குப் போனாள்.

அங்கே சோதனைக்கு வந்திருந்த யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் சுகப்பிரியா பெல்ட்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல என்னண்ணே ஊத்துனீங்க?"

ஜாபேஸ் மனைவியைப் பார்த்தார்.

"நாந்தாம்மா பவுடர்ல ஊறப்போட்டேன். அழுக்கா இருந்துச்சு."

"போச்சு. பாக்க நல்லாத்தான் இருக்கும்க்கா. பவுடர் நூல அரிச்சிருக்கும். ஆளு விழுந்தா தாங்காது, பிஞ்சிரும்." யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாதென்று கத்தரிக்கோல் வாங்கி, பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டினாள். "புதுசுக்கு எழுதுறேன். அது வர்ற வரைக்கும் ஏறாதீங்கண்ணே."

அவள் வண்டி கிளம்பியதும், கூட நின்ற ஊராட்சி கிளார்க் உதயகுமார் சொன்னார்: "அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போயிரும். நாளைக்குத் தொட்டி கழுவலன்னா சனம் என்னையில்ல வையும்?"

ஜாபேஸ் தலையை ஆட்டினார். யாருக்கு ஆட்டினார் என்று எலிசபெத்துக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஏறுவீகளா?"

அவர் ரசத்தைப் பிசைந்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். வையணும்னா வஞ்சிருங்க. பெல்ட்டு வர்ற வரைக்கும் மட்டும் ஏறாதீக. அந்தக் கிளார்க்கையே ஏறிக் கழுவச் சொல்லுங்க."

அதற்குக்கூட அவர் சிரிக்கவில்லை. அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டார். அது நொறுங்கி முடிகிறவரை அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்களத்தான். ஏறுவீகளா, மாட்டீகளா?"

அவர் மோருக்குக் கை நீட்டினார். ஊற்றினாள். ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.