மஞ்சளில் படாமல் கட்டிய கயிறு

எங்கள் தைலமரத் தோப்பை ஒரு காண்ட்ராக்டரிடம் வெட்டக் கொடுத்தபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். நடுவில் நிற்கும் பலாவைத் தொடக் கூடாது. புருஷன் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள் அவள். பலா சீசனில் ரோட்டோரம் சுளை விற்பாள். அந்த மூன்று மாதமும் அவள் யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை, என் கையையும். மரத்தில் அவளே மஞ்சளைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, துணியும் சுற்றிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்த மரத்தில் எவனும் கோடாலி வைக்க மாட்டான்.

வைக்கவில்லைதான். அந்தப் பக்தியை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது.

வெட்டு அன்று, "நீ எதுக்கு வெயில்ல, நான் பாத்துக்கிறேன்" என்று அக்காவை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். பல வருடம் வெட்டாமல் பெருத்த மரங்கள். முதல்நாள் மழையில் தோப்பு சேறாகிக் கிடந்தது, டிராக்டர் இறங்கினால் புதையும். அதனால் அதை மேட்டில் நிறுத்தி, இரும்புக் கயிற்றைக் கப்பி வழியாக விட்டுக் கட்டைகளை இழுப்பது என்று முடிவானது. கப்பியைக் கட்ட உறுதியான மரம் ஒன்று வேண்டும். வெட்டாமல் நின்றது பலா மட்டும்தான்.

கூலிக்கு வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தருகே போய்க் கும்பிட்டார். பிறகு தயங்கி நின்றார். "மஞ்ச வச்ச மரமா இருக்கே சார், கட்டலாமாங்க?"

பொழுது சாய்வதற்குள் வேலை முடிய வேண்டும் எனக்கு. மறுநாள் லீவு கிடையாது. "மஞ்சள்ல படாமக் கீழ எறக்கிக் கட்டுங்க" என்றேன். பெரிய மேதாவி!

அவர் இன்னொரு இரும்புக் கயிற்றை மரத்தில் ஒரு சாண் கீழே சுற்றி, அதில் கப்பியைக் கவனமாகக் கட்டினார். ஒவ்வொரு கட்டை வரும்போதும் கயிறு பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பால் வழிந்தது. இழுபட்டு வந்த கட்டைகள் அடிமரத்தில் மோதி, வேரின் தோலை உரித்துக்கொண்டு போயின. இரண்டு சாக்கை மடித்துக் கயிற்றுக்கு அடியில் கொடுத்திருக்கலாம். சாக்கு இல்லாமல் இல்லை. காண்ட்ராக்டர் அதை எனக்கு உட்கார விரித்துப் போட்டிருந்தார். நான் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் சேற்றை அள்ளிக் காயத்தின் மேல் அப்பினார். சாயங்காலம் வந்த அக்கா மஞ்சள் கலையாமல் இருப்பதைப் பார்த்துக் கண் கலங்கினாள். "நல்ல மனுசங்கடா" என்றாள். அடுத்த மழையில் சேறு கரைந்து, மரத்தைச் சுற்றி ஓடிய பள்ளம் தெரிந்தபோது கரையான் அரித்திருக்கும் என்றேன். அவள் அதை நம்பி, அதில் சுண்ணாம்பு பூசினாள்.

அந்த வருடம் பலா அடியிலிருந்து நுனிவரை காய்த்தது. சாகப் போகிற மரம் சில சமயம் அப்படித்தான் காய்க்கும். அக்கா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். நானும் கூடச் சிரித்துவைத்தேன், த்தூ! பிறகு காய்கள் பாதியிலேயே கறுத்து விழுந்தன. தோப்பு முழுக்க அழுகல் நாற்றமும் ஈயும்தான். இலையெல்லாம் கொட்டி மரம் பட்டுப்போனது.

பட்ட மரத்தை விலை பேசக் காண்ட்ராக்டர், அன்று கயிறு கட்டிய அதே ஆளோடு வந்தார். அந்த ஆள் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அன்னைக்கே பயந்தேன் ஆத்தா. சார்தான் மஞ்சள்ல படாமக் கட்டச் சொன்னாங்க" என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நடந்ததைச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மரத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். "வெட்டிக்கங்க" என்றாள் அவர்களிடம். காண்ட்ராக்டர் பழக்கதோஷத்தில் எனக்கு ஒரு சாக்கை விரித்துப் போட்டார்.

"ஒக்காருடா" என்றாள் அக்கா. "இன்னைக்கும் நீயே பாத்துக்க."