பாலத்தின் நடுவே என் பிரசெண்டேஷன்

போன வருடம் பல்கலைக்கழக விடுமுறையின்போது, மலேசியாவின் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வே பாலத்தின் மேல் நடந்தது இது. சிங்கப்பூரில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு, அங்கேயே ஒரு முதலீட்டு வங்கியில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. விடுமுறையில் விடுதியில் தங்க முடியாது. அதனால் ஜொகூர் பாருவில் பெரியம்மா வீட்டில் தங்கி, தினமும் எல்லை தாண்டிப் போய் வந்தேன்.

எங்கள் ஊர் அதே ஜொகூர் மாநிலத்து யோங் பெங். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் பார்க்கப் போகும் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. "கவுண்டர்ல உக்காந்து காசு எண்ணுவியாம்மா?" என்று அம்மா கேட்டார். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்க நினைத்தால், என்ன விலை கொடுக்கலாம் என்று கணித்துச் சொல்லும் இடம் என்றேன். "எப்படியோ, ஏசி ரூம் வேலைதானே" என்று நிம்மதியானார்.

எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தி சிங்கப்பூர்ச் சீனப் பெண். படு கெட்டிக்காரி, அதிகம் பேச மாட்டாள். படிப்பு முடிந்ததும் எங்களில் ஒருவருக்குத்தான் அங்கே வேலை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பகிர்ந்து தின்றபடி, மனசுக்குள் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்தோம்.

கடைசி வாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து மேலாளர்கள் முன்னால் பேச வேண்டும். பயிற்சிக் கணக்காக எங்களுக்குக் கொடுத்த கம்பெனி, ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவை உறையவைத்து விற்பது. கம்பெனியின் கதையும் சந்தை நிலவரமும் அவள் பகுதி. என்ன விலைக்கு வாங்கலாம் என்பது என் பகுதி. பெரியம்மா வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசி எனக்கு ஒவ்வொரு ஸ்லைடும் மனப்பாடமாகியிருந்தது.

பேச வேண்டிய நாளன்று வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினேன். நல்ல மழை. மலேசியப் பக்கத்துக் குடிநுழைவுச் சோதனை முடிந்து பேருந்தில் ஏறிவிட்டேன். பாலத்தில் பாதிகூடப் போகவில்லை, பேருந்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நிற்கிறதாம். அரை மணி நேரம் போனது, ஒரு மணி நேரமும் போனது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். நானும் இறங்கினேன். கையில் குடை இல்லை. புதிதாக வாங்கிய கறுப்புக் காலணி சில நிமிடங்களில் தண்ணீர் குடித்துவிட்டது.

வேகமாக நடந்தாலும் பத்து மணிக் கூட்டத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. நேரத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. கோலாலம்பூர் கிளையிலிருந்து இதற்காக வந்திருந்த அதிகாரி மதியமே திரும்ப வேண்டும். என்னோடு பேச வேண்டிய அந்தச் சீனப் பெண்ணுக்குப் போன் செய்தேன். என் பகுதியையும் நீயே பேசிவிடு, குறிப்பெல்லாம் நாம் பகிர்ந்த கோப்பில் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு மாத உழைப்பை என் வாயாலேயே தூக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது.

அவள் "ம்..." என்று இழுத்தாள். பிறகு, "வேண்டாம். நீயே பேசு. உன் முறை வரும்போது போனை ஸ்பீக்கரில் போடுகிறேன், ஸ்லைடை நான் தள்ளுகிறேன்" என்றாள். எனக்கு உடனே சந்தேகம்தான் வந்தது. மழையில் மூச்சு வாங்க உளறி நான் மானம் கெட வேண்டும் என்று நினைக்கிறாளோ? அதற்குள் அவளே, "கம்பெனி பெயரை மட்டும் சொல்லிவிடாதே. பாதி ஜொகூர் உன் பக்கத்தில் நடக்கிறது" என்றாள். அவள் கிண்டல் செய்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கைப்பையால் போனை மறைத்துக்கொண்டு நடந்த என் தலைக்கு மேல் திடீரென்று மழை நின்றது. தொழிற்சாலைச் சீருடையில் ஓர் அக்கா பெரிய குடையோடு பக்கத்தில் வந்திருந்தார்.

"உள்ள வா தங்கச்சி, போன் நனையுது பாரு. மீட்டிங்கா?"

"ஆமாக்கா. இப்போ பேசணும்."

"பேசு லா. நான் புடிச்சிக்கிறேன்."

என் முறை வந்தது. ஒரு காதில் இயர்போன், மறு காதில் மோட்டார் சைக்கிள் இரைச்சல். ஸ்லைடுகளை மனக்கண்ணில் ஒவ்வொன்றாகப் புரட்டியபடி, அடுத்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் நடை தளர்ந்தபோதெல்லாம் அக்காவும் தளர்ந்தார். அவருக்கும் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

முடித்ததும் அங்கே யாரோ ஏதோ கேட்டார். அதே நேரத்தில் ஒரு லாரி ஹார்ன் அடித்ததில் ஒன்றும் காதில் விழவில்லை. இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அவள் போனருகில் வந்து கேள்வியை நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். மாவு விலை ஏறினால் கம்பெனியும் விலையை ஏற்ற வேண்டிவரும், அப்போதும் ஜனங்கள் வாங்குவார்களா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் அவளுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் சேர்ந்து விவாதித்ததுதான். ஆனாலும் பதிலை அவள் எனக்கே விட்டுவிட்டாள்.

நான் தயாரித்து வைத்திருந்த எண்கள் அந்த நேரம் பார்த்து மறந்துபோயின. கண்ணெதிரே ஆயிரக்கணக்கானவர்கள் நனைந்துகொண்டு போவதைப் பார்த்தேன். "நான் இப்போது நடந்துகொண்டிருப்பது அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் நடுவில்தான்" என்று ஆரம்பித்தேன். இவர்கள் விடியுமுன்னே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள், விலை கொஞ்சம் ஏறியது என்பதற்காக உட்கார்ந்து மாவு பிசைய இவர்களுக்கு நேரமில்லை என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பார்த்து நடந்து வா என்று மேலாளர் சொன்னார்.

நான் போனை வைத்ததும் அக்கா கேட்டார்: "எதையோ விக்கிறமாதிரி பேசுனியே, என்னா விக்கிற?"

"கம்பெனிக்கா. வாங்குறவங்களுக்கு வெலை சொல்றோம்."

"உன் கம்பெனியா?"

"இல்லக்கா, வேற ஒருத்தரோடது."

"அப்போ புரோக்கருன்னு சொல்லு" என்று சிரித்தார். சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வந்ததும் தன் வரிசைக்கு ஓடிவிட்டார்.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவள் என் மேசையில் தன் கம்பளிச் சட்டையை மடித்து வைத்திருந்தாள். மேலாளர், இது நிஜமான வியாபாரமாக இருந்திருந்தால் தெருவில் நின்று ரகசியத்தைப் பேசியதற்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, கடைசிப் பதில் நன்றாக இருந்தது என்றார்.

மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் கேட்டேன், நீயே பேசியிருக்கலாமே என்று. "நீ கேட்டபோது சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அப்படி ஜெயித்தால், நான் உன்னைவிடக் கெட்டிக்காரியா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்" என்றாள்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அது தெரிந்த அன்று ஜொகூர் பாரு திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், மறைப்பானேன். ஆனால் சில வாரங்களில் கோலாலம்பூர் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. பாலத்தில் நடந்துகொண்டே பதில் சொன்ன பெண் எங்களுக்கு வேண்டும் என்று அந்த அதிகாரி கேட்டாராம். படிப்பு முடிந்ததும் அங்கே சேரப் போகிறேன். அந்தச் செய்தியை முதலில் சொன்னது அவளிடம்தான். நான் கத்தியதைவிட அவள் கத்தியது அதிகம்.

போட்டி என்று வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சறுக்குவதற்காகக் காத்திருப்பதுதான் இயல்பு என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போதெல்லாம் வகுப்பில் குழுவாகப் பேசும்போது யாராவது வரத் தாமதமானால், அவர் பகுதியை நான் எடுத்துக்கொள்வதில்லை. எங்கே இருக்கிறாய், அங்கிருந்தே பேசுகிறாயா என்று போன் செய்து கேட்கிறேன்.